வீட்டுத் திட்டப் படத்தில் நிழலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மிகக் குறைந்த சக்திச் செலவில் இதமாக வாழ்வதற்கென வெளிநாடுகளில் அமைக்கப்படும் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். மின்சாரத்தை அதிகம் நம்பாமல் வீட்டின் அமைப்பாலேயே உடலுக்கு இதம் தேடுவது என்ற அதன் அடிப்படை எண்ணம், இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்கு மிகவும் வேண்டியது. ஆனால் ஜேர்மனியில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் சில, அந்த வீட்டைப் போலவே இங்கும் எழுப்புவதாக எண்ணி, திறக்க முடியாத பெரிய கண்ணாடி யன்னல்களுடன் படம் வரைந்து தரும்படி என்னிடம் வருவதால் இதை எழுதுகிறேன்.

1991 இல் ஜேர்மனியின் டாம்ஸ்டட் நகரில் மக்கள் குடிபுகுந்த முதலாவது பாசிவ் ஹவுஸ் குளிருக்காகப் பிறந்தது. தடித்த சுவர்க் காப்பு, மூன்று அடுக்குக் கண்ணாடி, காற்றுப் புகாத மூட்டுகள் யாவும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்கானவை. ஆண்டொன்றுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோவாற்-மணி சக்திக்கு மேல் வெப்பமூட்டத் தேவைப்படக் கூடாது என்பது அதன் அளவுகோல். வெப்பமூட்டும் தேவையே இல்லாத எங்களுக்குச் சூட்டை உள்ளே வரவிடாததும், வந்ததைக் காற்றோடு அனுப்புவதும்தான் கணக்கு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது. வன்னியை அது கடப்பது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில். ஆகவே எங்கள் வீடுகளில் வெயிலை முதலில் வாங்குவது கூரை. அடுத்தது மேற்குச் சுவர். சென்ற சித்திரையில் என் தங்கை வீட்டின் மேற்குச் சுவரில் இரவு ஒன்பது மணிக்குக் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டியைப் போல் சுட்டது. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சீமெந்துக் கல் வீடு, தலைக்கு மேல் நேரே சீற் கூரை. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழே படுத்தார்கள். பாம்புக்குப் பயந்து அவள் ரோச் லைற்றோடு விடியும்வரை குந்தியிருந்தாள். அதே வளவில் எங்கள் அம்மா புற்றுமண் குழைத்துக் கட்டிய பழைய குசினி இன்னும் நிற்கிறது. கிடுகுக் கூரை தாழ இறங்கியிருப்பதால் அதன் சுவரில் வெயில் படுவதே இல்லை. மதியத்தில் கோழியும் நாயும் ஒதுங்குவது அங்கேதான்.

எல்லோரும் கிடுகுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அடிக்கடி மாற்றி வேய வேண்டும், தீப் பயமும் உண்டு. ஓடு போதும், ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையே இயங்கிய மண் இது. ஓட்டுக்குக் கீழே ஒரு தட்டி, வெளியே மூன்றடி நீளும் தாழ்வாரம், கிழக்கு மேற்காக நீண்டு குறுகிய பக்கங்களை மட்டும் காலை மாலை வெயிலுக்குக் காட்டும் வீடு, சோழகக் காற்று புகுந்து மறுபக்கத்தால் வெளியேறும்படி எதிரெதிரே யன்னல்கள், மாரி வெள்ளம் சுவரைத் தொடாதபடி உயர்ந்த அத்திவாரம். இவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் எவரும் வேண்டியதில்லை.

சுவருக்கும் வழி உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில், மண்ணோடு ஏறக்குறைய 5 சதவீதம் சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்திய, சூளையில் சுடாத கற்களால் பல மாடிகளே கட்டியிருக்கிறார்கள். தன் வளவுக் கிரவல் மண்ணில் அவ்வாறு கல் செய்ய விரும்பிய ஒருவருக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். அங்கீகரிக்கப்பட்ட படத்தில் சீமெந்துக் கல் என்றிருப்பதால் வீட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டப் பணம் வராது என்று அதிகாரிகள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கடன்பட்டுச் சீமெந்துக் கல்லே வாங்கினார். 2016 இல் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, இந்த வெக்கைக்கு உருக்கு வீடு ஒத்துவராது என்று நாங்கள் உரத்துச் சொன்னோம். அதே கேள்வியைச் சீமெந்துக் கல்லையும் சீற்றையும் பார்த்து இன்னும் கேட்காமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

குடிநீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50 சதுர மீற்றர் கூரையில் 1000 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் விழுகிறது. வன்னியில் ஓராண்டு மழை பொதுவாக அதற்குக் குறைவதில்லை. சிறுநீரக நோய்க்கு அஞ்சிக் கிணற்று நீரைக் குடிக்கத் தயங்கும் வவுனியா மாவட்டக் கிராமங்களில், கூரைப் பீலியும் மழைநீர்த் தாங்கியும் வீட்டின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும்.

பிரதேச செயலகங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். மண்கல், ஓடு, நீண்ட தாழ்வாரம் கொண்ட வகைமாதிரிப் படம் ஒன்றையாவது தற்போதைய படங்களோடு சேர்த்து அங்கீகரியுங்கள். விரும்புபவர் தெரிவு செய்யட்டும். அடுத்தது, காணி துப்புரவாக்க டோசர் இறங்கும் முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வளவைச் சுற்றி நடந்து, நிற்கும் பாலை, முதிரை, வேம்பு ஒவ்வொன்றையும் காணிப் படத்தில் குறித்து, மேற்கே நிற்கும் மரத்தின் நிழல் விழும் இடத்தில் அத்திவாரக் கயிற்றை இழுக்கச் செய்யுங்கள். அந்த மரத்தை இன்று தறித்துவிட்டால், அவ்வளவு நிழல் தரும் இன்னொன்று வளரும்போது இந்த வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களாகி இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.