ஒரு பாக்கெட்டை நிறுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

எடைக்குறைவை எதிர்த்துக் குரல்கொடுக்கும் நுகர்வோர் அமைப்புத் தோழர்களுக்கு,

வணக்கம். அரை கிலோ துவரம்பருப்பு பாக்கெட் தராசில் 495 கிராம் காட்டியதும் ‘திருட்டு’ என்று படத்தோடு பரப்புகிறீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஒரு பாக்கெட் எதையும் நிரூபிக்காது.

சராசரியாக 500 கிராம் நிரப்பும் நேர்மையான இயந்திரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எடைகள் இயல்நிலைப் பரவலில் அமைகின்றன, அதாவது பெரும்பாலானவை சராசரியை ஒட்டியும், விலக விலகக் குறைவாகவும் இருக்கும். சராசரியிலிருந்து எடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவான திட்ட விலக்கம் 5 கிராம். அதிலிருந்து வரும் நூறு பாக்கெட்டில் ஏறக்குறைய 16 பாக்கெட் 495-க்குக் கீழேதான் இருக்கும். இன்னொரு 16 பாக்கெட் 505-ஐத் தாண்டியிருக்கும். அவற்றை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

இப்போது 25 பாக்கெட் நிறுத்துச் சராசரி பாருங்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் சராசரி அவ்வளவு ஆடாது. 5-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரி எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழை 1 கிராம்தான். அந்த இயந்திரத்தில் சராசரி 495-க்குக் கீழே இறங்கும் வாய்ப்பு ஒரு கோடியில் சுமார் மூன்று! அப்படி இறங்கியிருந்தால் இயந்திரம் 500-க்கு வைக்கப்படவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011, அரை கிலோ பாக்கெட் ஒன்றில் 15 கிராம் வரை குறைவை அனுமதிக்கின்றன. ‘எல்லாமே 490 இருக்கிறது, வரம்புக்குள்தானே’ என்று யாராவது வாதாடினால் விட்டுவிடாதீர்கள். பாக்கெட் போடும் இடத்தில் நடக்கும் சோதனையில், கூறின் (சோதனைக்கு எடுத்த பாக்கெட்டுகளின்) சராசரி உறையில் அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. 15 கிராம் ஒற்றைப் பாக்கெட்டுக்குத் தரும் சலுகை, சராசரிக்கு அல்ல.

லண்டன் நாணயச்சாலை பல நூற்றாண்டுகள் சறுக்கியது இந்த இடத்தில்தான். அங்கே அடித்த காசுகளின் தரத்தைப் பார்க்கும் பிக்ஸ் சோதனையில் காசுகளை மொத்தமாக நிறுத்தார்கள். ஒரு காசுக்கான சலுகையை அப்படியே எண்ணிக்கையால் பெருக்கினார்கள். நூறு காசுக்கு நூறு மடங்கு. தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கு நூறின் வர்க்கமூலமான பத்து மடங்கே போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் பல கடைகளில் 25 பாக்கெட் வாங்குங்கள். அடுத்தடுத்து நிரம்பியவை ஒரே பக்கமாகச் சாயலாம். உறையின் எடையைக் கழியுங்கள். நான் எடுத்துக்கொண்ட 5 கிராமை நம்பாமல், அந்த 25 எடைகளிலிருந்தே திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். தராசை முதலில் முத்திரையிட்ட எடைக்கல்லால் சரிபாருங்கள். தராசே 5 கிராம் குறைத்துக் காட்டினால் எத்தனை பாக்கெட் நிறுத்தாலும் அந்தப் பிழை கரையாது. பிறகு எல்லா எடைகளையும் எழுதி எடையளவுகளைச் சோதிக்கும் அரசு அதிகாரியான முத்திரை ஆய்வாளரிடம் கொடுத்து, பாக்கெட் போடும் இடத்திலேயே சோதனை கேளுங்கள்.

அன்புடன்,
புள்ளியியல் ஆசிரியை ஒருத்தி