எங்கள் நால்வருக்கும் ஒரு வயது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்கழியில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வயது நிறைகிறது. ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு பேர். மூன்று பெண், ஒரு பையன். நேரில் வந்து கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டியவர்கள் ரொம்பப் பேர். சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். யார் கண்ணிலாவது பட்டு, உரியவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

முதலில் எங்கள் டாக்டரம்மாவுக்கு. ஆறு வருடம் குழந்தையில்லாமல் ஓர் இடத்தில் கருமுட்டை வளர மாத்திரையும் ஊசியும் எடுத்துக்கொண்டேன். எத்தனை முட்டை வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் சரியாகப் பார்க்காமலே அடுத்த ஊசியையும் போட்டுவிட்டார்கள். நான்கு கரு தங்கிவிட்டது. இயற்கையாக ஏழு லட்சம் பிரசவத்துக்கு ஒன்றுதான் இப்படி அமையுமாம். பதினோராவது வாரம் பயந்துபோய்த் திருச்சிக்கு உங்களிடம் வந்தோம். நீங்கள் பயமுறுத்தவும் இல்லை, சும்மா தைரியம் சொல்லி அனுப்பவும் இல்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினீர்கள்: ஒரு குழந்தைக்கு 40 வாரம், இரட்டைக்கு 36-ஐ ஒட்டி, மூன்றுக்கு 32, நான்குக்கு சராசரியாக 30. எனக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வர வாய்ப்பு அதிகம், பிள்ளைகள் ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான் பிறப்பார்கள் என்றீர்கள். கருக்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு என்பதையும், அதன் நன்மை, ஆபத்து இரண்டையும் மறைக்காமல் சொன்னீர்கள். அப்படி முடிவெடுத்த பெண்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான்கையும் சுமக்கிறேன் என்று நான் வந்து சொன்னபோது, "சரிம்மா, இனிமே ஒவ்வொரு நாளா எண்ணுவோம்" என்றீர்கள். எண்ணினோம்.

முப்பதாவது வாரம் வயிறு இறுக ஆரம்பித்தது. பிள்ளைகளின் நுரையீரல் பக்குவப்பட இரண்டு நாளில் நான்கு ஊசி போட்டார்கள். அந்த ஊசியின் கதையைப் பயிற்சி டாக்டர் தம்பி ஒருவர் என் அப்பாவுக்குப் பொறுமையாகச் சொன்னாராம். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்தபோது, இதே வகை மருந்து செலுத்தியிருந்த, பிழைக்காது என்று நினைத்த குறைமாதக் குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து பிறந்த வைத்தியம் இது; தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை ஹோவி என்பவரோடு சேர்ந்து 1972-ல் வெளியிட்டார். என் அப்பா வாழ்நாள் முழுக்கச் செம்மறி மேய்த்தவர். "ஆடு நம்மளக் கைவிடாது" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் அன்று சாப்பிடவே போனார். அந்தத் தம்பிக்கு என் நன்றி. பெரியவர் ஒருவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

30 வாரம் 4 நாளில் ஆபரேஷன். தியேட்டரில் பிள்ளைகளுக்கென நான்கு வெப்பமூட்டும் மேசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். 1,340 கிராம், 1,280, 1,150, கடைசியாக 920. காலில் 1, 2, 3, 4 என்று எழுதிய பட்டை. நான்காமவள் அழவில்லை. பச்சிளங்குழந்தை டாக்டர் அவள் முகத்தில் மாஸ்க்கை வைத்து, ஒரு பெண்மணி பக்கத்தில் நின்று மெதுவாக எண்ண எண்ணக் காற்றைச் செலுத்தியது எனக்குக் கேட்டது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்த பிறகுதான் நானும் மூச்சு விட்டேன்.

நான்கு பிள்ளைகளைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை சட்டென்று சுருங்காது. எனக்கும் சுருங்கவில்லை, ரத்தம் நிற்காமல் போனது. என்னுடையது பி நெகட்டிவ், எளிதில் கிடைக்காத வகை. ராத்திரி பதினொன்றரைக்கு, மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு, மூன்று கல்லூரி மாணவர்கள் ஒரே பைக்கில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த ஜூஸைக்கூடக் குடிக்காமல் போனார்கள் என்று என் தம்பி சொன்னான்.

அப்புறம், பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் பால் பீய்ச்சும் அறை. மூன்றாம் நாள், எனக்குக் கிண்ணத்தின் அடியை நனைக்கிற அளவுதான் வந்தது. குழாய் வழியே இரண்டு மணிக்கு ஒருமுறை இரண்டு மில்லி, நான்கு பேருக்கு. பவுடர் பால் கொடுத்தால் இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்குக் குடல் கெட்டுப்போகும் ஆபத்து கூடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நீங்கள் உங்கள் கிண்ணத்தை நிறைத்து, மூடி, நர்ஸிடம் கொடுத்தீர்கள். "உங்க பாப்பா எந்தப் பெட்டியில இருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டேன். "முந்தாநாள் போயிருச்சு. பால் நிக்கலம்மா. வேற பிள்ளைக்காவது ஆகட்டும்னு பேங்க்குக்குக் குடுக்கறேன்" என்றீர்கள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள். அந்தத் தாய்ப்பால் வங்கியில் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கித்தான் கொடுப்பார்கள். யாருடைய பால் யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குப் பால் ஊறும்வரை ஆறு நாள் என் பிள்ளைகள் குடித்தது உங்களைப் போன்ற தாய்மார்களின் பால். உங்கள் பாப்பாவை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கேற்றுவதில்லை, அக்கா.

நர்ஸம்மாக்களே, கங்காரு போல நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். இன்குபேட்டர் போதாமல் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறையாம். எனக்கு நெஞ்சு ஒன்று, பிள்ளைகள் நான்கு. "வீட்டுல யார் இருக்கா? கூப்பிடுங்க" என்றீர்கள். என் கணவர், மாமியார், தங்கை மூவரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஊரில் யார் முன்னாலும் பேரப்பிள்ளையைக் கொஞ்சிப் பழக்கமில்லாத என் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தார்.

நான்காவது வாரம் விழித்திரையைச் சோதித்து, சின்னவளுக்கு லேசர் செய்த கண் டாக்டருக்கும் நன்றி. இப்போது தூரத்து நிலாவைக் கை காட்டுகிறாள். 64-ஆம் நாள் கடைசியாக அவளும் வீடு வந்தாள். அதிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் மூன்று மாதம் எனக்குச் சமையல் வேலையே வைக்கவில்லை. கிராம நர்ஸ் அக்கா வாரா வாரம் எடைத் தராசோடு வந்தார்.

வரும் தை மாதம் குலதெய்வக் கோயிலில் நால்வருக்கும் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். ரத்தம் கொடுத்துவிட்டுப் போன தம்பிகளே, நீங்கள் மூன்று பேர். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேட்டி நாங்கள் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
நால்வரின் அம்மா