மணக்குடிக் காயல் கரையில் படகுக் கொட்டகை: பாதியில் நிற்கும் வேலைக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மணக்குடிக் காயல் கரையில் நமது மலையேற்ற, துடுப்புப் படகுக் குழு எழுப்பிவரும் கொட்டகைக்குத் தூண் நிற்கிறது, கூரை இல்லை. நான்கு கயாக் படகுகளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மீதி கொடுக்கப் பணம் இல்லை. மொத்தச் செலவு 4,50,000 ரூபாய். இதுவரை வந்தது 2,63,500. இன்னும் 1,86,500 வேண்டும், அதுவும் அக்டோபர் 15ஆம் தேதிக்குள். அதற்குப் பிறகு படகு செய்பவர் இந்த விலைக்குத் தரமாட்டார், கொடுத்த முன்பணமும் திரும்ப வராது. அப்புறம் ஐப்பசி மழை இருக்கிறது. கூரை போடாத கொட்டகையை அது என்ன செய்யும் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பலருக்குக் குழுவின் கதை தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே பெயர்த்து எறிந்தது. அதன்பிறகு வெகுநாள் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகவே பயந்தார்கள். சரி, தண்ணீர் வேண்டாம், மலைக்காவது கூட்டிப்போவோம் என்று 2005இல் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பொற்றையடிக்குப் போய் மருந்துவாழ்மலை ஏற ஆரம்பித்தார்கள். இருட்டோடு ஏறி, உச்சியில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவது அன்றைக்கே வந்த வழக்கம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று பெரியவர்கள் சொல்லும் மலை அது. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் அங்கேதான். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வயலும் குளமும் தென்னந்தோப்பும், தூரத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். திருக்கார்த்திகைத் தீபம் முடிந்த மறுவாரம் மலையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு இறங்கும் வேலையை நம் குழு இன்றுவரை விடாமல் செய்கிறது. பக்தியோடு ஏறுகிறவர்கள் பாட்டிலைக் கையோடு இறக்கினால் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

காயலுக்குத் திரும்பியது 2013இல், இரண்டு பழைய ஃபைபர் படகுகளோடு. இந்த இடத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்டிப்பாக எழுதச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. துடுப்புப் படகு என்பது வெளிநாட்டு விளையாட்டு என்று சிலர் பேசுகிறார்களாம். படகு நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு வெகுகாலம் முன்பே, திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860இல் தொடங்கியதுதான் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஏ.வி.எம். கால்வாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது கன்னியாகுமரி வரை வரவேயில்லை, மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. வந்த தூரமும் இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, வீட்டுக் கழிவு விழும் ஓடையாகக் கிடக்கிறது. கரையோர ஊர்களின் சரக்கு வண்டியில் போகாமல் வள்ளத்தில் போன காலத்தைத் தன் அப்பா சொல்லக் கேட்டதாக அந்த மூத்தவர் சொல்வார். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையையும் சேர்க்கச் சொன்னார். அதற்கும் கொட்டகைக்கும் என்ன தொடர்பு என்று கமிட்டியில் கேட்டதற்கு, "தொடர்பு இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே" என்றார். சேர்த்துவிட்டோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மலை, மூன்றாம் ஞாயிறு தண்ணீர். மலை என்றால் மருந்துவாழ்மலை மட்டுமல்ல, வனத்துறை அனுமதி கிடைக்கும் காலத்தில் காளிகேசம் பக்கமும் போகிறோம். அனுமதி என்றதும் முகம் சுளிப்பவர்கள் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில்தான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டார்கள். தீப்பிடிக்கும் காலம் என்று 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடினார்கள். நாமும் கோடையில் காட்டுப் பக்கம் போவதில்லை. அந்த மாதங்களில் நமக்குக் காயல்தான் கதி. காயலும் அப்போதுதான் அழகு. காற்று அடங்கியிருக்கும், புத்தளம் உப்பளத்துப் பக்கம் பூநாரைகள் நிற்கும், கண்டல் (அலையாத்தி) காட்டின் ஓரமாகத் துடுப்புச் சத்தம் கேட்காமல் போனால் மீன்கொத்தி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அழகை நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியாது. சுருளகோட்டில் தொடங்கும் பழையாறு கடலைச் சேரும் இடம் இது. பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் அடைத்திருக்கும் நாளில் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். பொழி திறந்து, வற்று (கடல் நீர் உள்வாங்குவது) இறங்கும் நேரத்தில் அதே தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஒன்பது மணிக்கு மேல் படகை நாம் நினைத்த பக்கம் போகவிடாது. அதனால்தான் கரையில் நிற்கும் மீனவ அண்ணன் கைகாட்டாமல் ஒரு படகுகூட இறங்குவதில்லை. கூடவே ஒரு எஞ்சின் வள்ளம் வரும், அதற்கு நாள் வாடகை 1,500. கவிழ்ந்தால் படகை விடாதே, கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதே என்பதைத்தான் முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை இந்த வருடம் எடை கட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் மிதப்பு குறைந்துவிட்டது. வெளியே பார்க்கப் புதுசு, உள்ளே ஃபோம் அமுங்கிப் போயிருக்கிறது. பட்டைகள் உப்பிலும் வெயிலிலும் இற்றுவிட்டன. கயாக் படகின் கதையும் இதுதான். பிளாஸ்டிக் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் முறுகி, ஒரு கல்லில் தட்டினாலே கீறல் விடும். 2017இல் ஓக்கி புயல் ஓலைக் கொட்டகையைப் பிய்த்துப் போனதிலிருந்து நம் படகுகள் தென்னைமரத்தடியில்தான் கிடக்கின்றன. ஆகவே கொட்டகையை யாரும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கடலோரம் என்பதால் கான்கிரீட் எதுவும் இல்லை. தோப்புக்காரர் வாடகை வாங்காமல் கொடுத்த இடத்தில், கழற்றி மாட்டும் இரும்புக் குழாய்த் தூணும் தகரக் கூரையும் மட்டும்.

கணக்கு இதோ. கொட்டகை 1,65,000. இருவர் உட்காரும் கயாக் 4, ஒன்று 38,000 வீதம் 1,52,000. லைஃப் ஜாக்கெட் 40, ஒன்று 1,850 வீதம் 74,000. துடுப்பு 10, ஒன்று 2,200 வீதம் 22,000. முதலுதவிப் பெட்டி, மீட்புக் கயிறு, ஸ்ட்ரெச்சர், வாக்கி டாக்கி எல்லாம் சேர்த்து 37,000. வந்த பணத்தில் ஜாக்கெட்டுக்குத்தான் முதலில் முழுத் தொகையும் கட்டினோம். கொட்டகைக்கு 1,10,000 கொடுத்தாயிற்று, படகு முன்பணம் 50,000. கையில் இருப்பு 29,500. பொருளாளரிடம் ஒவ்வொரு பில்லும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் டீக்கடையில் பேசாமல் வந்து பார்க்கலாம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோட்டாற்றில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "பேரைப் போட்டால் அடுத்த வருடம் தரமாட்டேன்" என்று மிரட்டியபடியே 25,000 எடுத்து வைத்தார். அவருக்கு மலையும் ஏறத்தெரியாது, நீச்சலும் தெரியாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஓய்வூதியத்திலிருந்து 20,000 தந்தார். முதல் ஞாயிறு நடைக்கு இன்றும் அவர்தான் முதல் ஆளாக வருகிறார், முழங்கால் வலிக்கிறவர்கள் கவனிக்கவும். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் சகோதரர்கள் ஓணம் சீசன் முடிந்த கையோடு 15,000 கொடுத்தார்கள். குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் பழைய பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து 42,000 அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொண்டுவந்த 3,270 ரூபாயைச் சில்லறையாக எண்ணி முடிக்கவே ஒரு மாலை ஆயிற்று. மணக்குடி ஊர்க் கமிட்டிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பணம் தவிர, கட்டுக்கயிறு, பழைய வலை, மிதவை எல்லாம் இலவசம். தூண் இறக்கிய அன்று கடலுக்குப் போகாமல் ஒன்பது பேர் வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பை ரூபாயில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. தாணுமாலயனும், கோட்டாறு சவேரியாரும், தக்கலை பீரப்பாவும் இவர்கள் எல்லோருடைய வீட்டையும் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

இனி எழுதுவது கொஞ்சம் கசக்கும். நம் வாட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறோம். அதில் கொடுத்தவர்கள் 71. மீதி 109 பேரில் கஷ்டத்தில் இருப்பவர்கள் உண்டு, அவர்களை நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் காயலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை இரண்டு வருடமாக ப்ரொஃபைல் படமாக வைத்திருக்கிறவர்களும் அந்த 109இல் இருக்கிறார்கள். ட்ரோன் வாங்கியவர் இருக்கிறார். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் பலூன் வளைவுக்கு மட்டும் செலவான தொகையை அவரே நம்மிடம் பெருமையாகச் சொன்னார், அவரும் இருக்கிறார். "அடுத்த மாதம் பார்ப்போம் மக்கா" என்று சித்திரையில் சொன்னவர்களுக்கு இப்போது புரட்டாசி நடக்கிறது என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். அந்த 109 பேரும் ஆளுக்கு 1,750 கொடுத்தால் 1,90,750 ஆகிறது. கணக்கு முடிந்து நாலாயிரம் மிச்சம்கூட இருக்கும்.

மொத்தமாகக் கொடுக்க முடிந்தவர்கள் ஒரு படகையோ ஒரு துடுப்பையோ ஏற்றுக்கொள்ளலாம். படகில் பெயர் எழுதித் தருவீர்களா என்று இருவர் கேட்டார்கள். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அது வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. கொட்டகையின் உள்ளே ஒரு பலகை இருக்கும். 100 கொடுத்தவர் பெயரும் 25,000 கொடுத்தவர் பெயரும் அதில் ஒரே அளவு எழுத்தில் வரும், அகர வரிசையில். வேண்டாம் என்பவர்கள் பெயர் வராது.

பணம் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கையில் இருப்பதோடு கடன் வாங்கிக் கூரையை முடிப்போம். முதலுதவிப் பொருள் வாங்குவோம். படகு வராது, முன்பணம் 50,000 போகும். அரையாண்டு விடுமுறையில் திட்டமிட்டிருக்கும் பிள்ளைகளுக்கான மூன்று நாள் முகாமில் மலை மட்டும் இருக்கும், காயல் இருக்காது. பெயர் கொடுத்த 60 பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் காயலுக்காகவே வருகிறவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து இதைச் சொல்லும் பொறுப்பைக் கமிட்டியில் இதுவரை யாரும் ஏற்கவில்லை.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் தரலாம், அல்லது வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் போட்டிருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. வருமான வரிவிலக்கு நம் குழுவுக்குக் கிடையாது, அதைக் கேட்டுப் போன் செய்ய வேண்டாம். பணமாக முடியாதவர்கள் தகரமாகத் தரலாம், 10 அடி ஷீட் இன்னும் 14 வேண்டும். வெல்டிங் தெரிந்தவர்கள் இரண்டு ஞாயிறு வந்தால் கூலி மிச்சமாகும். சாப்பாடு குழுவின் செலவு, மீன்குழம்பு உண்டு. வரவு செலவு முழுவதும் அக்டோபர் மூன்றாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காயல் கரையில் வாசிக்கப்படும். கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் வரலாம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் கமிட்டி உறுப்பினர்கள்