கண்டி முத்திரை

அன்புள்ள சிவா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டித் தீர்த்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். உனக்குப் பேத்தி பிறந்த செய்தி மணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதற்கு நானும் திட்ட வேண்டியிருக்கிறது.

சரி, விஷயம் இதுதான். போன வாரம் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த பாஸ்போர்ட். ஒரே படத்தில் அப்பா, அம்மா, அம்மா மடியில் தங்கச்சி, ஓரத்தில் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு நான். பாதி படத்தின் மீதும் பாதி தாளின் மீதுமாக ஊதா முத்திரை. மை மங்கிவிட்டது, ஆனால் 'கண்டி' என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

இந்தியத் தூதரகம் என்றால் கொழும்பில்தானே இருக்க வேண்டும், கண்டியில் ஏன் ஒன்று? நம் தேயிலைத் தோட்டத்தில் யாராவது 'கண்டிக்குப் போறேன்' என்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்று நமக்குத் தெரியும். ஏன் கண்டி என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை. இப்போது தேடிப் படித்தேன், மூன்று நாளாக மனசு அதிலேயே நிற்கிறது.

1922-இல் இந்தியாவில், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகக் குடியகல்வுச் சட்டம் வந்தது. அதன்படி அடுத்த வருஷமே இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் இலங்கைக்கு வந்தார். கவர்னர் இருந்தது கொழும்பில், அவரை உட்கார வைத்தது கண்டியில், ஏனென்றால் தோட்டங்கள் மலையில். தோட்டம் தோட்டமாகப் போய் நம் ஆட்கள் குடியிருந்த லயத்தைப் பார்ப்பது, சம்பளத்தை விசாரிப்பது, புகார் கேட்பது, வருஷா வருஷம் அறிக்கை எழுதுவது அவர் வேலை. நம் தாத்தா பாட்டிக்காகவே ஒரு பதவியடா! 1927-இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. ஆனால் அவரை அனுப்பியதும் வெள்ளைக்கார அரசு, தோட்டத்தை நடத்திய துரையும் வெள்ளைக்காரர். எவ்வளவு தூரம்தான் வாய் திறந்திருப்பார்?

1943-இல் எம்.எஸ். அணே இந்தியப் பிரதிநிதியாக வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் முதல் உயர்ஸ்தானிகர், அதாவது தூதர், வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனாரே அவர்தான். தொழிற்சங்கத்திலேயே ஊறிய மனிதர். அப்படிப்பட்டவர் கொழும்பில் இருக்கும்போதே 1948-இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நம் ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் 1964, இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாத நம் ஆட்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நம்மில் ஒருவரிடமும் கேட்காமல் போட்ட கணக்கு. நம் சம்பளத்தைக் கேட்க 1923-இல் ஆள் வந்து உட்கார்ந்த அதே கண்டியில், ஐம்பது வருஷம் கழித்து நம்மை அனுப்ப முத்திரை குத்தினார்கள்.

அப்பா பிறந்தது மஸ்கெலியாவில். இந்தியாவை அவர் முதன்முதலாகப் பார்த்தது ராமேஸ்வரத்தில், கப்பலை விட்டு இறங்கியபோது. அதற்கு முன்பே அந்த முத்திரை அவரை இந்தியர் ஆக்கிவிட்டது. உன் அப்பா அங்கேயே தங்க எழுதிப்போட்டார். இரண்டு விண்ணப்பத்தையும் டெய்சி டீச்சர்தான் நிரப்பிக் கொடுத்தார், ஒரே மேசையில், ஒரே சாயங்காலம். நாம் வெளியே கோலி விளையாடிக்கொண்டிருந்தோம், நீ என் பச்சைக் கோலியை எடுத்துக்கொண்டாய். அதை இன்னும் திருப்பித் தரவில்லை.

உங்கள் வீட்டில் அப்பாவின் பிரஜாவுரிமைச் சீட்டு இருக்கிறதா, பார். இருந்தால் படம் எடுத்து மணியின் போனுக்கு அனுப்பு, தேதி தெரிகிற மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

உன்,
ராசு