முரளிக்கு, அம்மா வீட்டு கரண்ட் பில் பற்றி

கும்பகோணம்
25.5.2025

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் டூ பாஸ். குண்டு சேகர் கடையை மாற்றிவிட்டான், உன் பேரில் உள்ள பாக்கியை மட்டும் மறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

13ஆம் தேதி மத்தியானம் மாங்காய் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி இரண்டு இருக்கும். அம்மா கூடத்தில் பனை விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லையா என்று கேட்டேன். "இருக்குப்பா, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். பில்லு ஏறிப்போச்சுன்னு முரளி சொன்னான்" என்றார்கள். ராத்திரியும் அப்படித்தானாம். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

நீ கடிந்து பேசியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். புனேயிலிருந்து பணம் கட்டும்போது "என்னம்மா இவ்வளவு வந்திருக்கு" என்று கேட்டிருப்பாய். அவர்களுக்கு அது போதும். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை முரளி.

மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட். 500ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா? தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு 101லிருந்து 200 வரை பாதி விலை என்ற சலுகையும் போய்விடும். அந்த 60 யூனிட் மட்டும் பில்லில் எழுநூறு ரூபாய்க்கு மேல் ஏற்றியிருக்கிறது. அதற்காக அம்மா ராத்திரி எட்டு மணி நேரம் ஃபேனை நிறுத்துகிறார்கள். பழைய ஃபேன் 75 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு மிச்சம் 36 யூனிட். அவ்வளவுதான்! அப்போ மீதி எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் எல்லா சுவிட்சையும் அணைத்தேன். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடியது. திண்ணையில் மீட்டருக்கு எதிரே நின்று அந்தச் சின்ன சிவப்பு விளக்கை எண்ணினேன். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கிறது. நிமிடத்துக்கு எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டு. ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் எண்ணினேன், அதே எட்டு. கம்ப்ரஸர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216. ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடினேன். இழுத்தால் பிடிக்க வேண்டும் இல்லையா? நோட்டு தானாகவே நழுவிக் கீழே விழுந்தது. ரப்பர் வெடித்து, கீழ் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. உள்ளே முழம் உயரத்துக்கு ஐஸ்.

மறுநாளே மெக்கானிக்கைக் கூட்டி வந்து ரப்பரை மாற்றியாயிற்று. இப்போது கம்ப்ரஸர் ஓடி, நின்று, ஓடுகிறது. அது நிற்கும்போது கேட்கும் 'டக்' சத்தம் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். முழங்கால் வலிக்கு வெந்நீரில் குளிக்கிறார்கள், குளிக்கட்டும். ஆனால் விடியற்காலையில் போட்ட சுவிட்ச் மத்தியானம் வரை அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். குளிக்கப் போகும்போதே அணைத்துவிடச் சொல்லி, சுவிட்சுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெட்டி ரெகுலேட்டர், உன் அப்பா மாட்டியது. அம்மா ஃபேன் போட்டாலும் இரண்டில்தான் வைப்பார்களாம், கரண்ட் மிச்சமாகும் என்று. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பழைய வகையில் வேகத்தைக் குறைத்தால், மிச்சமாக வேண்டிய கரண்டில் நிறைய அந்தப் பெட்டிக்குள் சூடாகவே போகும். அதைக் கழற்றிவிட்டு, அம்மா படுக்கும் அறையில் ரிமோட் வைத்த பி.எல்.டி.சி ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புது வகை, மாட்டிவிட்டேன். முழு வேகத்திலும் 30 வாட் சுற்றித்தான் இழுக்கும். விலை சுமார் மூவாயிரம், நீதான் தர வேண்டும். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

சோலார் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தாய். மத்திய அரசு மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, உண்மைதான். ஆனால் உங்கள் ஓட்டுக் கூரையில் பாதி சட்டம் உளுத்துக் கிடக்கிறது. முதலில் கூரையைப் பார், அதற்கு ஆள் நான் பிடித்துத் தருகிறேன்.

திங்கள் ராத்திரியிலிருந்து தினமும் மீட்டரைப் பார்த்து காலண்டர் தாளில் குறித்து வருகிறேன். ஆறு நாளில் 33 யூனிட், ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியும். இப்படியே போனால் அடுத்த பில் 330 யூனிட்டைச் சுற்றி நிற்கும்.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். இனிமேல் பில் பற்றி அம்மாவிடம் பேசாதே, என்னிடம் கேள். இன்று ராத்திரி போன் பண்ணு. ஃபேன் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள், அவர்கள் அரை மணி நேரம் சொல்வார்கள். மாவடு ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். நீ ஆடிக்குள் வரவில்லை என்றால் அது என் வீட்டுக்கு வந்துவிடும்.

அன்புடன்,
கணேசன்