மீள்பரீட்சையும் ‘சி’ தர எல்லையும்

ஆசிரியர் அவர்கட்கு,

பல்கலைக்கழகப் பரீட்சை முறை குறித்த தங்கள் அண்மைய ஆசிரியர் தலையங்கம், மீள்பரீட்சை எழுதுவோரின் நிலையைத் தொடாமல் விட்டது வருத்தமளிக்கிறது. எமது அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஒரு பாடத்துக்கு இரண்டாம் முறை தோற்றும் மாணவர் எவ்வளவு சிறப்பாக விடையளித்தாலும் அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தரம் ‘சி’, அதாவது 2.0 புள்ளி மட்டுமே. 120 கிரெடிட் (பாடத்தின் கனதியைக் குறிக்கும் அலகு) கொண்ட நான்காண்டுப் பட்டத்தில், 3 கிரெடிட் பாடமொன்றுக்கு ‘ஏ’ தரத்துக்கு (4.0 புள்ளி) பதிலாக ‘சி’ பதியப்பட்டால் தரப்புள்ளிச் சராசரி 0.05 குறைகிறது. டெங்குக் காய்ச்சலென்று அறியாமலே பரீட்சை மண்டபத்துக்குச் சென்று ஒரு பாடத்தில் தவறிய என் மகன், மறு ஆண்டு அதில் ‘ஏ’ தரத்துக்குரிய புள்ளிகளைப் பெற்றும், 3.67 சராசரியுடனேயே வெளியேறினான். முதல் வகுப்புக்கு அவனது பீடம் கேட்டதோ 3.70.

முதல் தடவையிலேயே சித்தியடைந்தவர்களுக்கு அநீதி நேரக்கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு மாணவருக்கு இரண்டு பாடங்கள் வரையிலாவது மீள்பரீட்சையில் பெற்ற உண்மையான தரத்தையே சராசரியில் சேர்த்து, அது இரண்டாம் தோற்றம் என்பதைப் பெறுபேற்றுச் சான்றிதழில் குறிப்பிடும் நடைமுறையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பரிசீலிக்க வேண்டும்.

ஒரு தந்தை,
வெள்ளவத்தை, கொழும்பு - 06.