பானெட்டைத் திறந்து பார், பாலா

பாலா,

நாலு மாதமாக உன் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. கோபம் ஒன்றுமில்லை. "உயிரோட இருக்கியா, இல்ல வண்டிக்கடியில மாட்டிக்கிட்டியா" என்று கேட்டிருந்தாய். இரண்டாவது பாதி கிட்டத்தட்ட உண்மை. அம்மாவுக்கு முழங்கால் தேவலை, கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. சிரித்தால் உன் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோதான். நலம் விசாரித்தாயிற்று. விஷயம் வண்டி பற்றியது. என் வண்டி மட்டுமில்லை, உன்னுடையதும்.

போன மாதம் வீட்டோடு மலை ஏறினோம். ஐந்து பேர், டிக்கி கொள்ளாமல் மூட்டை. மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதித்ததும் முன்னாலிருந்து ஒரு சத்தம், தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் மறுபடி. "அப்பா, கார் கிலுகிலுப்பை ஆட்டுது" என்றாள் பெரியவள். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். ஆமாம், நான்தான். உனக்கு ஆயில் மாற்றச் சொல்லி வருஷாவருஷம் கடிதம் எழுதுகிற அதே ஆள்.

இறங்கி வந்ததும் மெக்கானிக் மாஸ்டரிடம் விட்டேன். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். மூன்றாவதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகள். நடுவே ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று மினுமினுப்பு. "மினுங்குது பாத்தீங்களா தம்பி, அது உங்க பிஸ்டன்" என்றார். அலுமினியம் உருகி வந்து ஒட்டியிருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்கப்புறம்தான் மனிதர் பானெட்டுக்குள் தலையை விட்டு டர்போ பக்கம் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஏர் ஹோஸுக்குக் கீழே, துணி டேப் சுற்றின இடம். டேப்பைப் பிரித்தால் உள்ளே பித்தளையில் 'T' வடிவத்தில் ஒரு சின்ன இணைப்பு. சுண்டுவிரல் நகம் அளவுதான், பக்கவாட்டில் ஒரு திருகு. "இது கம்பெனி வச்சது இல்லையே" என்றார். மூன்று வருஷமாக நான் தினமும் ஓட்டுகிற வண்டிக்குள் எனக்குத் தெரியாமல் ஒருவன் குடியிருந்த மாதிரி இருந்தது.

உனக்கு டர்போ என்றால் 'உஸ்ஸ்' சத்தம் மட்டும்தான் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். எஞ்சின் புகை சுழற்றுகிற ஒரு சக்கரம், அதே அச்சில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற இன்னொரு சக்கரம், அதுதான் கம்ப்ரஸர். நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதை அடக்குவது வேஸ்ட்கேட் என்ற கதவு. கம்ப்ரஸரிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் ஆக்சுவேட்டர் டப்பாவுக்குப் போகிறது. அழுத்தம் அளவைத் தொட்டதும் அந்த டப்பா கதவைத் திறந்துவிடும், புகை டர்போவைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். இந்தப் பித்தளைக்காரன் அந்த ஹோஸில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் காற்றைக் கசியவிடுகிறான். டப்பாவுக்குக் குறைந்த அழுத்தம்தான் தெரியும். கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும், அதாவது எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம். புது வண்டி என்றால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து பவரைக் குறைத்துவிடும். நம்முடையது கிழம். ரொம்ப மீறினால் பெட்ரோலை வெட்டும், அதற்குக் கீழே என்ன நடந்தாலும் அதற்குக் கண் தெரியாது.

மாஸ்டர் மீட்டர் மாட்டிப் பார்த்தார். பூஸ்ட் 0.5 'பார்' (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 0.9. "பவர்தானே கூடுது, நல்லதுதானே" என்று நீ சொல்வாய், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் 30 டிகிரிக் காற்றை அந்த அளவுக்கு அமுக்கினால் டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலர் நம் வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் அளவு, அதனால் என்ன முடியும்? அதோடு, அதிகக் காற்றுக்கு அதிக பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் முழுசாக எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. பூஸ்டில் இழுக்கும்போது சூட்டைத் தணிக்கவே 12க்குப் பக்கத்தில் பெட்ரோலைக் கூட்டித் தருவார்கள். என் வண்டி முழு மிதியில் 13.5. தானாக வெடிக்காமல் என்ன செய்யும்? அந்த ஆணிச் சத்தம் அதுதான். மூன்றாம் சிலிண்டரில் இப்போது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்குகிற அழுத்தம், மற்றதைவிடக் கால் பங்கு குறைவு.

இனிமேல்தான் உன் பக்கம். வண்டி யாரிடம் வாங்கினேன்? ரகுவிடம். உன்னுடையது? அவனிடமே, அதே வருஷம், அதே மாடல். அவன் 'ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்கடா' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? போன் செய்து கேட்டேன். "அதுவா? எனக்கு வர்றப்பவே அப்படித்தான் மச்சான் இருந்துச்சு" என்கிறான். ஃபிசிக்ஸ் லேப் திரைச்சீலை விஷயத்திலும் இதே குரலில்தான் சொன்னான். நம்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பிஸ்டன் இல்லை. பிஸ்டன் போனால் மாற்றலாம். இன்சூரன்ஸ் பாலிசி. வருஷாவருஷம் புதுப்பிக்கும்போது ஒரு கேள்வி வரும்: வாகனத்தில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டுள்ளதா? படிக்கக்கூட மாட்டேன், 'இல்லை'யில் ஒரு டிக். மூன்று வருஷம் மூன்று டிக். மலையில் அன்றைக்கு யார் மேலாவது இடித்திருந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து அந்த டேப்பைப் பிரித்திருப்பார். பல நாடுகளில் அடிபட்டவருக்குக் கம்பெனி எப்படியும் கொடுத்தாக வேண்டும், ஆனால் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூல் செய்யலாம். நம் வண்டி நொறுங்கினதற்குக் கிளெய்ம்? அது அவர்கள் மனசு.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன், நீ சிரிக்காதே. இன்சூரன்ஸில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிற விதிக்கு 1766இல் ஒரு தீர்ப்பு, கார்ட்டர் எதிர் போஹம். சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டையின் கவர்னர், எதிரி பிடித்துக்கொண்டால் பணம் வர வேண்டும் என்று கோட்டைக்கே இன்சூரன்ஸ் எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தேவிட்டார்கள். கோட்டை பலவீனம் என்பதை மறைத்தாய், பணம் இல்லை என்றது மறுதரப்பு. உனக்குத் தெரிந்த, நம்புகிற ஆளுக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லாமல் விடாதே என்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு விதியை எழுதினார். ஆனால் ஜெயித்தது கவர்னர்தான்! அந்தக் கோட்டை அப்படித்தான் என்று பிரீமியம் வாங்கினவனே தெரிந்துகொண்டிருக்க வேண்டுமாம். என் டேப் சுற்றின பித்தளைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. பிரிட்டனில் 2012 சட்டம், வேண்டுமென்றே பொய் சொன்னவனையும் அஜாக்கிரதையாகச் சொன்னவனையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறது. நியாயமான கவனத்தோடு இருந்தும் தெரியாமல் போனவனை ஒன்றும் செய்வதில்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் டேப்பைப் பிரிக்கும்வரை நான் அப்பாவி. பிரித்த நிமிஷத்திலிருந்து வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் நான் திருடன். அதே கணக்கை உனக்கும் போட்டுப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை எழுதாதவரை நீ அப்பாவி. நிம்மதியாக 'இல்லை'யில் டிக் போட்டுக்கொண்டிருக்கலாம். மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். பிறகு அந்த மினுமினுப்பு ஞாபகம் வந்தது. உன் வண்டியில் பின்சீட்டில் உட்காருவது யார் என்பதும் ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள், இந்த வரியோடு உன் அப்பாவித்தனம் முடிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். நான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அந்தப் பெண் பொறுமைசாலி. "எப்ப மாத்தினீங்க சார்?" "நான் மாத்தலைங்க." "அப்ப யாரு?" "தெரியலைங்க." "பவர் எவ்வளவு கூடியிருக்கு?" "தெரியலைங்க." கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும். தப்பித்துப் போனவன் தானாக வந்து சரணடைந்தால் போலீஸ்காரருக்கு எப்படி இருக்குமோ அப்படி. கடைசியில், கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கின பில்லையும் போட்டோவையும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன்.

இதோடு முடித்திருந்தால் நான் நல்லவன். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியாது. 0.5 பாருக்குத் திரும்பின வண்டி மாட்டுவண்டி மாதிரி போகிறது. 3000 சுற்றைத் தாண்டினதும் முதுகை சீட்டோடு அழுத்துமே, அது காணோம். மூன்று வருஷம் அதை என் வண்டியின் குணம் என்று நினைத்துக் காதலித்திருக்கிறேன், அது ஒரு பித்தளைத் திருகின் குணம். அதனால் எஞ்சினைத் திறந்து மூன்றாம் பிஸ்டனை மாற்றும்போதே ஒழுங்காகச் செய்துவிடுவது என்று முடிவு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறாதே.

முதலில் பிரேக், டயர். சிரிக்காதே, போகிற வண்டி நிற்கவும் வேண்டும். அப்புறம் பெரிய இன்டர்கூலர், காற்று-பெட்ரோல் மீட்டர். கடைசியில்தான் டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவர் அளக்கிற மெஷின்) ஏற்றி, எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது அளவுகள், அதாவது மேப், எழுதுவது, 0.75 பாருக்கு மேல் போவதில்லை. வண்டி செய்த கம்பெனிக்காரன் முட்டாளா, ஏன் இவ்வளவு இடம் விட்டான் என்று முன்பு கேட்பேன். மட்டமான பெட்ரோல், கொளுத்துகிற வெயில், சர்வீஸ் செய்யாத ஆள், எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்ட இடம் அது. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது, முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங், அதாவது அந்த ஆணிச் சத்தம், வராமலிருக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். ஜனங்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றித்தர முன்வந்தது. அந்த ஜனங்களில் நீ முதல் ஆள், ஒத்துக்கொள்.

சட்டம்தான் தலைவலி, இடத்துக்கு இடம் வேறு. ஜெர்மனியில் இந்த மாதிரி மாற்றத்தைப் பரிசோதித்து ஆவணத்தில் ஏற்றாவிட்டால் ஓட்டும் அனுமதியே போய்விடும். கலிஃபோர்னியாவில் புகை சம்பந்தப்பட்ட பாகத்துக்கு விதிவிலக்கு உத்தரவு எண் கேட்கிறார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் உற்பத்தியாளர் சொன்னதற்கு மாறாக இருக்கும்படி வண்டியை மாற்றாதே என்கிறது. அதனால் என் வரிசை இது: எங்கே வண்டி பதிவாகியிருக்கிறதோ அங்கே எழுதிக் கேட்பது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்பது, இரண்டும் சரி என்றால்தான் ஸ்பானர். முடியாது என்று சொன்னால் மாட்டுவண்டியே. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் மேல் கை வைக்க மாட்டேன், அதைத் தூக்கினால்தான் வண்டி மூச்சுவிடும் என்று ரகு சொல்வதைக் கேட்டது போதும்.

அப்புறம், போன தீபாவளிக்கு வீடியோ அனுப்பினாயே, ஆக்சிலேட்டரை விட்டதும் ஊரே திரும்பிப் பார்க்கிற உன் 'உஸ்ஸ்' வால்வு. உன் வண்டி அளந்து உள்ளே இழுத்த காற்றைத்தான் அது வெளியே துப்புகிறது. கம்ப்யூட்டர் அந்தக் காற்று இன்னும் உள்ளே இருப்பதாக நம்பிப் பெட்ரோல் ஊற்றுகிறது. புகைக்குழாய் கறுப்பாக இருக்கிறதே என்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பாலிசியில் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

இன்றைக்கே செய்ய வேண்டியது. எஞ்சின் ஆறட்டும். டர்போவின் காற்றுப் பக்கத்திலிருந்து விரல் தடிமனில் ஒரு ஹோஸ் கிளம்பும். அதைப் பிடித்துக்கொண்டே போ, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற வட்ட டப்பாவில் முடியும். நடுவில் எங்கேயாவது டேப் இருந்தால் பிரித்துப் பார். பித்தளை இருந்தால் கழற்றாதே, முதலில் போட்டோ எடுத்து எனக்கும் உன் மெக்கானிக்குக்கும் அனுப்பு. அதுவரை பாதி மிதிக்கு மேல் வேண்டாம், மலைப்பக்கம் போகவே போகாதே.

அந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் பூஸ்ட் கூடும் என்று மட்டும் போன் செய்து கேட்காதே. சொல்ல மாட்டேன்.

உன்,
சங்கர்